அரிசிக் குகன்

பந்தயக் கார்களில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் எல்லாரும் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு வேகம் போகும், வளைவில் எப்படித் திரும்பும், மோதினால் என்ன ஆகும் என்று. எனக்கு அதெல்லாம் அதிகம் தெரியாது. அந்தக் காரை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. லோரியில் ஏற்றவும் இறக்கவும் தள்ளியிருக்கிறேன், அவ்வளவுதான். என் வேலை டயரும் எடையும்.

போன மாதம் பழைய பட்டறையில் இப்போது வேலை செய்கிறவர்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கிள்ளானிலிருந்து பட்டறை இடம் மாறி இப்போது சுங்கை பூலோவில், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. போய்ப் பார்த்தால் காரின் ஓட்டுநர் இருக்கையில் மனித உருவில் ஒரு ரப்பர்ப் பொம்மை உட்கார்ந்திருந்தது. உள்ளே தண்ணீர். ஓட்டுநர் எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர் ஊற்றிக்கொள்ளலாம்.

"அங்கிள் காலத்துல அரிசி மூட்டைய ஒக்கார வச்சீங்களாமே, உண்மையாவா?" என்று ஒருவர் கேட்டார்.

உண்மைதான் என்றேன். கதையைச் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போனது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்தது மலேசியாவில், கிள்ளான். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு லோரியில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் மூட்டை இறக்குகிறவன். பிறகு துறைமுகம். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடம். இடது கைச் சுண்டுவிரலின் நுனி அங்கேதான் போனது. பிறகு ஈப்போ, ஜொகூர், மறுபடி கிள்ளான். சில இடங்களில் கட்டில் இருந்தது, சில இடங்களில் அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்தேன். ஓர் இடத்தில் இரண்டு தீபாவளி பார்த்துவிட்டால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். பந்தயக் குழுவில் மட்டும் இருபது வருடம் நின்றேன். அங்கே வேலையே ஊர் ஊராகப் போவதுதான் என்பதால் எனக்கு அது ஓர் இடமாகவே தெரியவில்லை.

என்னை அங்கே சேர்த்தவர் எஸ்தர் மிஸ். நான் கிள்ளானில் ஒரு டயர்க் கடையில் இருந்தபோது நான்கு டயர் வாங்க வந்தார். மாற்றத் தொடங்கினேன். "நாலும் ஒரே எடையா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "போட்டுப் பாரு" என்றார். கடையில் தராசு கிடையாது. எதிர்க்கடையில் வெங்காயம் நிறுக்கும் தராசை வாங்கி வந்து போட்டேன். நான்கும் நான்கு எடை காட்டின. மிஸ் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருக்கிற பத்து டயரையும் போடச் சொன்னார். மதியச் சாப்பாடு போச்சு. வெங்காயக் கடைக்காரர் என்னைத் திட்டினாரே தவிர மிஸ்ஸை ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் நான் மிஸ்ஸிடமே வேலைக்குப் போய்விட்டேன்.

மிஸ் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா ரயில் ஓட்டினார். மெத்தடிஸ்ட் குடும்பம். பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதால் சர்ச்சுக்குப் போக முடியாத குறையை அவர் செவ்வாய்க்கிழமை ஜெபக் கூட்டத்தில் தீர்த்துக்கொள்வார். குழுவில் பொறியாளர் அவர்தான், தலைமையும் அவர்தான். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராக இருந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார். அவர் வாயில் 'நீங்க' வந்தால் ஆள் தொலைந்தான் என்று அர்த்தம். ஒருமுறை ஒரு மெக்கானிக் சக்கர நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டார். "நீங்க கொஞ்சம் இங்க வரீங்களா?" என்று மிஸ் கூப்பிட்டார். அந்த மனிதர் வருவதற்கு முன்பே அழுதுவிட்டார்.

நாங்கள் ஓடியது டூரிங் கார் சாம்பியன்ஷிப். ரோட்டில் ஓடுகிற கார்தான். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, இரும்புக் கூடு போட்டு, ஒரே ஒரு இருக்கையை வைத்துப் பந்தயத்துக்குத் தயார் செய்வது. ஒரு பருவத்துக்குப் பல சுற்றுகள், ஒவ்வொன்றிலும் புள்ளிகள். இதில் ஒரு விதி உண்டு. பந்தயம் முடிந்ததும் காரையும் ஓட்டுநரையும் சேர்த்து நிறுப்பார்கள். குறிப்பிட்ட எடைக்குக் கீழே ஒரு கிராம் போனாலும் அன்றைய ஓட்டம் கணக்கில் இல்லை. பேச்சுவார்த்தையே கிடையாது. எடை கூடினால் யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் கார் மெதுவாக ஓடும். அதனால் விதிக்கு மேலே மூன்று கிலோ மட்டும் இருக்கும்படி மிஸ் வைப்பார். அந்த மூன்று கிலோதான் எங்கள் நிம்மதி.

எடை போடும் நாள் பட்டறையில் திருவிழா மாதிரி. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசுத் தட்டுகள். எங்கள் தரை வடிகால் பக்கம் சரிந்திருக்கும், அதனால் இரண்டு தட்டுக்கு அடியில் மட்டும் லினோலியம் துண்டு போட வேண்டும். எங்கே போடுவது என்று மஞ்சள் பெயின்டில் குறி இருக்கும். டியூபில் தண்ணீர் ஊற்றி மிஸ் மட்டம் பார்ப்பார். பந்தய முடிவில் எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு பெட்ரோல். டயரில் அளவான காற்று. காரைத் தட்டுகளில் ஏற்றி, முன்னாலும் பின்னாலும் கையால் அமுக்கி அமுக்கி விடுவோம், ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார வேண்டும். பிறகு மிஸ் விசிறியை நிறுத்துவார். காற்றில் எண் ஆடுமாம். அந்த வெயிலில் நாங்கள் எல்லாரும் வேர்த்துக்கொண்டு நிற்க, அவர் நான்கு எண்களையும் படிப்பார். குறைந்தால் இருக்கைக்குப் பக்கத்துத் தரையில் ஈயத் தகடு வைத்து போல்ட் போடுவோம்.

இதற்கெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். எங்கள் குகன் இருக்கமாட்டான். வாரநாளில் அவனுக்கு பங்சாரில் அலுவலக வேலை.

குகனும் பிரிக்பீல்ட்ஸ்காரன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை பார்த்த குடும்பம். "எங்க வீட்ல எல்லாரும் பென்ஷன் வாங்குனாங்க, இவன் டயர் வாங்குறான்" என்று அவன் அப்பா சொல்வாராம். அவன் இரண்டு வருடம் தொடர்ந்து சாம்பியன்ஷிப்பில் இரண்டாவதாக வந்திருந்தான். மூன்றாவது வருடமும் கிடைக்காவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடுகிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நான் சொல்லப்போவது அந்த மூன்றாவது வருடம்.

அவன் இல்லாத நாட்களுக்காக அரிசிக் குகனை உருவாக்கினோம். முதலில் மணல் மூட்டை வைத்துப் பார்த்தோம், இருக்கையெல்லாம் மணல். அரிசிதான் சரிப்பட்டது. பத்து கிலோ, ஐந்து கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலங்கள். இடுப்புக்கு இவ்வளவு, முதுகுக்கு இவ்வளவு, காலுக்கு இவ்வளவு என்று அடுக்கி, இருக்கை வாரைப் போட்டு, மேலே ஹெல்மெட்டை வைப்போம். குகன் வரும்போது அவனை நிறுத்துப் பார்த்து அரிசியைக் கூட்டிக் குறைப்போம். பாதிப் பருவத்தில் அரிசியில் புழு வந்துவிட்டது. மிஸ் புழுவோடு சேர்த்தே நிறுத்தார்.

அந்த வருடம் தாய்லாந்துச் சுற்றில் குகன் ஜெயித்தான். ஜெயித்தவர் அடுத்த சுற்றில் கூடுதல் எடை சுமக்க வேண்டும், அதுவும் விதி. "ஜெயிச்சா மால போடுவாங்கன்னு பாத்தா, கல்ல கட்டி விடுறாங்கலா" என்றான். திரும்பி வரும் வழியில், எல்லையில் சுங்க அதிகாரி ஒருவர் லோரியைத் திறக்கச் சொன்னார். தாய்லாந்திலிருந்து அரிசி கொண்டுவருவதைக் கவனமாகப் பார்க்கும் இடம் அது. கதவைத் திறந்தால் காரில் அரிசி மூட்டை உட்கார்ந்திருக்கிறது, வார் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு.

"இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"ஓட்டுநர், துவான்" என்று மரியாதையாகச் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அவர் சுற்றி வந்து பார்த்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இவருக்கு பாஸ்போர்ட் இருக்கா?" என்று முகம் மாறாமல் கேட்டார். பிறகு மற்ற அதிகாரிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். மிஸ் வந்து, போகும்போதே இந்த அரிசி மலேசியாவிலிருந்துதான் போனது என்று கடைச் சீட்டைக் காட்டி விளக்கினார். எல்லாரும் அரிசிக் குகனோடு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் விட்டார்கள். உண்மைக் குகன் அன்று விமானத்தில் போய்விட்டான். அவனோடு யாரும் அவ்வளவு படம் எடுத்ததில்லை.

கடைசிச் சுற்று செப்பாங்கில். தீபாவளிக்குப் பிந்திய வாரம். குகன்தான் புள்ளியில் முன்னால் இருந்தான். மூன்றாவதாக வந்தாலே போதும், யார் என்ன செய்தாலும் சாம்பியன் அவன்தான். ஆனால் ஓட்டம் கணக்கில் இல்லாமல் போனால் பட்டம் இரண்டாம் இடத்தில் இருப்பவனுக்குப் போய்விடும்.

அரிசிக் குகனை வைத்துத் தீபாவளி முடிந்த கையோடு பட்டறையில் எடை போட்டோம். அரிசியின் அளவு தீபாவளிக்கு முன் குகனை நிறுத்த அளவு. திரும்ப நிறுக்க வேண்டாமா என்று கேட்டதற்கு மிஸ் சிரித்தார். "தீபாவளி முடிஞ்சு எவன்லா கொறஞ்சான்? எல்லாரும் ரெண்டு கிலோ ஏறித்தான் வருவாங்க. ஏறுனா நமக்கு நல்லதுதான்." அவரே குகன் அம்மா கொடுத்தனுப்பிய பயித்தம் பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னார். எங்கள் எல்லார் வாயிலும் அதுதான் இருந்தது. யாருக்கும் மறு யோசனை வரவில்லை. சனிக்கிழமை தகுதிச் சுற்று முடிந்ததும் எப்படியும் நிறுப்பார்கள், அப்போது தெரிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை கொட்டிய மழையில் தகுதிச் சுற்றே நடக்கவில்லை. புள்ளி வரிசைப்படி கார்களை நிறுத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தொடக்கக் கோட்டில் குகனுக்கு வார் போட்டது நான். எப்போதும் நான்தான் போடுவேன். எங்கே இறுகி நிற்கும் என்று ஒவ்வொரு வாரிலும் வெள்ளி டேப் ஒட்டியிருப்பேன். அன்று இழுக்கிறேன், இழுக்கிறேன், டேப்பைத் தாண்டி வந்துகொண்டே இருக்கிறது.

"என்னடா, உள்ள ஆள் இருக்கா?"

ஹெல்மெட்டுக்குள் கண் சிரித்தது. "சஷ்டிண்ணே. ஆறு நாளும் பாலும் பழமும்தான். வெள்ளிக்கிழம சூரசம்ஹாரம், நேத்துதான் சோறு."

"மிஸ்கிட்ட சொன்னியா?"

"வேண்டுதல வெளிய சொல்லக் கூடாதுண்ணே. முருகன் பாத்துக்குவான்."

விசில் அடித்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் காரைத் தொடக் கூடாது. பாதை ஓரத்தில் குழுக்காரர்கள் நிற்கும் மதில் பக்கம் ஓடினேன். வானொலிக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு மிஸ் நின்றிருந்தார். சொன்னேன்.

"எவ்ளோ கொறஞ்சிருப்பான்?"

"தோள் வாரு ரெண்டு விரல், இடுப்பு வாரு மூணு விரல்."

"விரல்ல சொல்லாத மணியம், கிலோல சொல்லு."

"தெரியல மிஸ். முருகன் பாத்துக்குவான்னு சொல்றான்."

"முருகன் எறங்கி வந்து தராசுல ஒக்காருவாரா? எங்க ஆண்டவரே ஒக்கார மாட்டாரு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பணியாரத்த நாம தின்னோம். அவன் தின்னானான்னு யாரும் பாக்கல."

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவிலிருந்தே குகன் முன்னால். இரண்டாவதாக வந்தவனை விட்டு விலகிக்கொண்டே போனான். கார்கள் சீராகப் பிரியும்வரை பொறுத்திருந்து மிஸ் பொத்தானை அழுத்தினார்.

"குகன், கேக்குதா?"

"கேக்குது மிஸ்! கார் சூப்பர்! ரொம்ப லேசா இருக்கு!"

"லேசா இருக்கறதுதான் பிரச்சன. நீங்க எத்தன கிலோ கொறஞ்சீங்க?"

அந்த 'நீங்க' அவனுக்குக் கேட்டது.

"பேன்ட் லூசா இருக்கு மிஸ்."

"பேன்ட்ட கேக்கல. வீட்ல தராசு இல்லயா?"

"இருக்கு. அம்மா தராசு அஞ்சுன்னு காட்டுச்சு. ஆனா அது சரியா காட்டாது மிஸ்."

மிஸ் வைத்த மூன்று போக இன்னும் இரண்டு கிலோ வேண்டும். பந்தயம் பாதிதான் ஆகியிருந்தது. ஓடும் காரில் எதையும் ஏற்ற முடியாது. ஏற்ற முடியாவிட்டால் இருப்பதைக் குறையவிடாமல் காக்க வேண்டும். குறைந்துகொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

"இனிமே பெட்ரோல மிச்சம் பிடி. நேர்ப் பாத முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே கால எடுத்துடு. உருண்டு போ. டேங்க்ல நிக்கற பெட்ரோலும் எடைதான்."

"மிஸ், நான் லீடிங்!"

"தெரியும். மூணாவதா வா."

"பின்னால வர்றவன் சிரிப்பான் மிஸ்."

"சிரிக்கட்டும்லா. தராசு சிரிக்காம இருந்தா போதும்."

வேகமாக ஓட்டத் தெரிந்த ஒருவனிடம் மெதுவாக ஓட்டு என்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் பார்த்தேன். முதலில் ஒருவன் தாண்டினான். பிறகு இன்னொருவன். அரங்கத்தில் எங்கள் ஆட்கள் இஞ்சின் போச்சு என்று தலையில் கை வைத்தார்கள். குகன் அப்பா அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பந்தயம் பார்க்க வந்திருந்தார். நான்காவதாக வந்தவன் கடைசிச் சுற்றுகளில் குகன் காரின் பின்பக்கத்தை முகர்ந்துகொண்டே வந்தான். மிச்சம் பிடிக்கவும் வேண்டும், அவனை விடவும் கூடாது. நான் மதிலைப் பிடித்திருந்த பிடியில் நகத்தில் பெயின்ட் ஏறிவிட்டது. கடைசி வளைவில் இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஒரு பம்பர் நீளத்தில் குகன் மூன்றாவது.

நான் குதித்தேன். மிஸ் குதிக்கவில்லை.

"இப்ப பாதய விட்டு ஓரமா ஓட்டு. எல்லா குப்பையும் அள்ளிட்டு வா."

பந்தய டயர் தேய்ந்து தேய்ந்து ரப்பர் உருண்டைகளைக் கக்கும். அவை பாதையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். சூடான டயர் மேலே ஏறினால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான், ஆனால் குகன் அன்று செய்ததுபோல் நான் பார்த்ததில்லை. சுற்று முழுவதும் ஓரத்திலேயே வந்தான். சும்மா ஓரத்தில் போனால் நன்றாக இருக்காது என்று கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வந்தான். ஒலிபெருக்கியில் பேசியவர், ரசிகர்களுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நன்றி சொல்கிற பண்பான ஓட்டுநர் என்று புகழ்ந்தார்.

நிறுக்கும் கொட்டகைக்கு மிஸ்ஸும் நானும் போனோம். கார் உள்ளே வந்தபோது டயர்கள் பலாப்பழத் தோல் மாதிரி இருந்தன. குகனுக்கு உதடு வெளுத்திருந்தது. வேலிக்கு வெளியிலிருந்து யாரோ அன்பாகத் தண்ணீர்ப் புட்டியை நீட்ட, அவன் கையும் போனது. நிறுப்பதற்கு முன் ஒரு மிடறு குடித்தாலும் விதிமீறல். "டேய்!" என்று நான் போட்ட சத்தத்தில் புட்டியை நீட்டியவர் அதைக் கீழே போட்டுவிட்டார். குகன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எண் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அதிகாரி குனிந்து பார்த்தார். தராசுத் தட்டுகளைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை நிறுக்கச் சொன்னார். மிஸ்ஸின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா கணக்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் அதே எண். விதிக்கு மேலே முக்கால் கிலோ.

"ஓகே. போகலாம்" என்றார் அதிகாரி.

குகன் இறங்கினான், நிற்க முடியாமல் என்மேல் சாய்ந்தான். பிடித்தபோது உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தான். மிஸ் அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் தண்ணீர்ப் புட்டியைத் தானே திறந்து அவன் வாயில் வைத்தார்.

வெளியே எதிர்க்குழுவின் டயர்க்காரர் ஜேம்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். அவரும் தமிழர், எங்கள் வானொலிப் பேச்சைக் கேட்டிருக்கிறார். "மணியம், ரேஸ் நடுவுல ஒங்க மிஸ் ஏன்யா பேன்ட், தராசுன்னு பேசுனாங்க? கோட் வேர்டுன்னு நெனச்சு நாங்க மண்டைய ஒடச்சிக்கிட்டோம்." சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவர்கள் தோற்றதையே மறந்துவிட்டார்.

பரிசு மேடையில் குகன் நின்றது மூன்றாவது படியில், எல்லாரையும்விடக் கீழே. ஆனால் கத்தியது முழுக்க அவனுக்காக. அவன் அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மூண்டாவதாத்தானே வந்தவன்? ஏன் இந்தச் சனம் இப்பிடிக் கத்துது?" சாம்பியன் உங்க மகன்தான் சார் என்றேன். அவர் மேடையைப் பார்த்தார். பிறகு, "அப்ப அடுத்த வருசமும் டயர் வாங்குவான்" என்று சொல்லிவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

டயர்களைக் கழற்றும்போது மிஸ் என்னிடமிருந்து சுரண்டியை வாங்கினார். முன் டயரிலிருந்து ஒரு பெரிய கட்டியைப் பெயர்த்தெடுத்தார். கறுப்பு ரப்பர், உள்ளே சின்னக் கல், கொஞ்சம் புல். அதைக் குகன் கையில் வைத்தார்.

"இந்தா, ஒன் சாம்பியன்ஷிப். கோப்பய நான் பட்டறையில வச்சுக்கறேன்."

சில மாதம் கழித்து ஒரு விருந்துக்காக அவன் வீட்டுக்குப் போனேன். குகன் அம்மா சாமி அறையைக் காட்டினார். முருகன் படத்துக்கு முன்னால் அந்த ரப்பர்க் கட்டி இருந்தது. கழுவித் துடைத்து, விபூதி பூசி, மேலே ஒரு செம்பருத்தி. புல்லை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

"இதுக்குப் பூ வைக்கலாமோ எண்டு ஐயரைக் கேட்டனான். அவருக்கும் தெரியேல்லையாம்" என்றார். "வைக்க வேணாமெண்டு அவரும் சொல்லேல்லை. நான் வைக்கிறன்."